கொத்தினால் மட்டும் போதாது: டைட்டானிய வில்லைகளோடு மூன்று வருடம்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் பூச்சு உரிந்து விழ ஆரம்பித்தபோது ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டோம். முதல் நாள் முழுக்க அவர் சிமென்ட் மூட்டையைத் தொடவே இல்லை. உளியும் சுத்தியலுமாக நின்று, அம்மி கொத்துகிற மாதிரி சுவரைக் கொத்தித் தள்ளினார். மறுநாள் காலையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் அடித்தார். "காஞ்ச சுவத்துல பூசினா பிடிக்காதும்மா. தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம் வரும்" என்றார்.

அப்போது நான் உலோகவியலில் ஆராய்ச்சிப் படிப்பு சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எலும்புக்குள் வைக்கிற டைட்டானியத்தின் மேற்பரப்பை எப்படி மாற்றினால் எலும்பு சீக்கிரம் பிடிக்கும் என்பதுதான் தலைப்பு. 'அட, நம்ம வேலையும் இதேதானே' என்று கொத்தியதை மட்டும் ரசித்தேன். அவர் தண்ணீர் அடித்தது எதற்கு என்று எனக்கு உறைக்க இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் ஒரு டப்பா நிறைய சாம்பிள்கள் வீணாகிவிட்டன.

டைட்டானியத்தை எலும்பு ஏற்றுக்கொள்ளும் என்பது ஒரு விபத்தில் தெரியவந்த விஷயம். ஸ்வீடனில் 1952 வாக்கில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சின்னக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் கோத்தன்பர்க் நகரத்தில் முதல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர்கள், அதாவது பல் இம்பிளான்ட்கள், வைத்தார். அந்தக் காலத்தில் வைத்தவை லேத்தில் கடைந்தபடியே இருந்தவை. எலும்பு பிடிக்கக் கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது கணக்கு. அந்தக் காத்திருப்பைக் குறைக்கத்தான் இத்தனை ஆராய்ச்சியும்.

எலும்பு நேராக டைட்டானிய உலோகத்தைத் தொடுவதே இல்லை. காற்று பட்ட மாத்திரத்தில் அதன் மேல் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு தோல் ஒன்று படிந்துவிடும். சுரண்டினால் உடனே மறுபடி வளரும். ரத்தமும் செல்லும் பார்ப்பது அந்தத் தோலை மட்டும்தான். நாம் செய்கிற எல்லாமே அந்தத் தோலின் மேட்டையும் பள்ளத்தையும், அதன் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதையும் மாற்றுகிற வேலை.

இன்னொன்று. டைட்டானியத்தின் மூலக்கனிமங்களில் ஒன்றான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. சின்ன வயதில் அந்த மணல் காலில் ஒட்டினால் கழுவக் கழுவப் போகாது. அதுவா இது என்று நம்பவே முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் முதல் தப்பு அமிலத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே நடந்தது. டைட்டானியக் கம்பி வாங்கி, 2 மில்லிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக வெட்டக் கொடுத்தேன். 'வயர் கட்' இயந்திரத்தில், அதாவது ஓடும் கம்பியிலிருந்து கிளம்பும் தீப்பொறியால், வெட்டித் தந்தார்கள். பார்க்க அழகாக, ஒரே அளவில் இருந்தன. எமரி ஷீட்டில் லேசாகத் தேய்த்துவிட்டு, மேலே உயிருள்ள செல்களை வளர்த்துப் பார்க்கும் செல் சோதனைக்கு நேரே அனுப்பினேன். செல்கள் கூண்டோடு செத்தன. டைட்டானியம் யாரையும் கொல்லாது என்று புத்தகம் சொல்கிறதே என்று இரண்டு வாரம் குழம்பினேன். கடைசியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தனிமங்களைப் பார்த்தால் செம்பும் துத்தநாகமும் இருக்கின்றன. வயர் கட் இயந்திரத்தில் ஓடுகிற கம்பி பித்தளை. தீப்பொறியில் அது உருகி என் வில்லையின் ஓரங்களில் அப்பியிருந்தது. செம்பு செல்லுக்கு விஷம். அதிலிருந்து, வெட்டி வந்த சாம்பிளின் மேல்தோலை எல்லாப் பக்கமும் நன்றாகத் தேய்த்து எடுக்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. ஓரத்தையும் சேர்த்து. ஓரத்தைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

தேய்ப்பதும் சும்மா இல்லை. டைட்டானியம் எமரியில் அல்வா மாதிரி இழுபடும். அழுத்தித் தேய்த்தால் எமரியின் துகள்களே உலோகத்துக்குள் புதைந்துகொள்ளும். தண்ணீர் ஓடவிட்டு, லேசான கையோடு, ஷீட்டை அடிக்கடி மாற்றித் தேய்க்க வேண்டும். எமரி ஷீட்டில் சிக்கனம் பார்த்தவர்களின் சாம்பிள்களை மைக்ராஸ்கோப் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் கொத்துகிற வேலை. முதலில் அலுமினாத் துகள்களைக் காற்றழுத்தத்தில் அடிப்போம். பட்டறையில் இதற்கு சேண்ட் பிளாஸ்டிங் என்றுதான் பெயர், மணல் இல்லாவிட்டாலும். கால் மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் வரையுள்ள துகள் வந்து மோதும்போது பெரிய பள்ளங்கள் விழும். அதற்குப் பிறகு ஹைட்ரோகுளோரிக், சல்ஃபூரிக் அமிலக் கலவையைச் சூடேற்றி அதில் போட்டால், பெரிய பள்ளங்களுக்குள் மைக்ரான் அளவில் குட்டிக் குட்டிக் குழிகள் உண்டாகும். பள்ளத்துக்குள் பள்ளம். இந்த ஜோடி வேலைக்கு எஸ்.எல்.ஏ. என்று பெயர். 1991இல் டேனியல் பூசர் குழுவினர் குட்டை இனப் பன்றிகளின் கால் எலும்பில் ஆறு வகை மேற்பரப்புகளை வைத்துப் பார்த்தார்கள். வழவழப்பானவற்றில் எலும்பு நேரடியாகத் தொட்ட பரப்பு 20 முதல் 25 சதவீதம்தான். பிளாஸ்ட் செய்து அமிலத்தில் போட்டதில் 50 முதல் 60 சதவீதம். எலும்புத் தாதுவான ஹைட்ராக்சிஅபடைட் பூசியதில் இன்னும் கூடுதலாக, 60 முதல் 70 வரை. ஆனால் அந்தப் பூச்சு ஆங்காங்கே கரைய ஆரம்பித்திருந்ததையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். பூச்சு என்றால் உரியும் பயம் எப்போதும் உண்டு. உலோகத்தையே கொத்தினால் உரிய ஏதுமில்லை. நான் கொத்துகிற கட்சியில் சேர்ந்ததற்கு அதுதான் காரணம்.

அமிலத்தில் போட்ட முதல் நாளை மறக்க மாட்டேன். வில்லையைச் சூடான கலவையில் இறக்கிவிட்டு நிற்கிறேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஐந்து நிமிடம், எட்டு நிமிடம். அமிலம் செத்துப்போச்சு போல என்று எடுத்துவிடப் போனேன். லேப் டெக்னீஷியன் அண்ணன், "கொஞ்சம் பொறும்மா, தோல் உரியட்டும்" என்றார். மேலே இருக்கிற ஆக்சைடு கரைய நேரம் எடுக்கும், அதுவரை சும்மாதான் கிடக்கும். திடீரென்று ஓர் ஓரத்திலிருந்து பொடிக் குமிழி கிளம்பியது. அடுத்த அரை நிமிடத்தில் வில்லை முழுக்கச் சோடா மாதிரி பொங்கியது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் போலிருந்த அமிலம் நாவல்பழச் சாறு கலந்த மாதிரி ஊதா நிறமானது. கரைந்த டைட்டானியத்தின் நிறம் அது. ஆக, போட்ட நேரத்திலிருந்து எண்ணாமல் குமிழி கிளம்பிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கியபோதுதான் என் சாம்பிள்கள் ஒன்றுபோல வர ஆரம்பித்தன. இதை எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

அமில வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்ன கலவையில் இல்லாவிட்டாலும் இந்தத் துறையில் புழங்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் மற்ற அமிலம் போல உடனே எரியாமலும் போகலாம், ஆனால் உள்ளே இறங்கி கால்சியத்தைப் பிடுங்கும். அதற்கு உடனே தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்க எங்கள் அண்ணன் விடவே மாட்டார். எத்தனை பெரிய சார் வந்து சொன்னாலும்.

எவ்வளவு கொத்த வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. சராசரி மேடுபள்ளம் 1 முதல் 2 மைக்ரான் வரை இருப்பது எலும்புக்குத் தோதாக இருக்கிறது என்பது அல்பிரெக்ட்சன், வென்னர்பெர்க் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. நம் தலைமுடி 70 மைக்ரான் அளவில் இருக்கும். எவ்வளவு சின்ன விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிடக் கரடுமுரடானால் பிடிப்பு கூடிக்கொண்டே போகாது. மாறாக, அந்தப் பகுதி ஈறுக்கு வெளியே தெரிய நேர்ந்தால் பாக்டீரியாவுக்கு நல்ல குடித்தனம்.

இப்போது ஒன்றரை வருடக் கதைக்கு வருகிறேன். எலும்பு கட்டும் செல்களை என் கொத்திய வில்லைகளில் வளர்த்து, மூன்றாம் நாள் எண்ணிப் பார்த்தோம். வழவழப்பான வில்லையைவிடக் கொத்தியதில் செல்கள் குறைவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் ஆராய்ச்சி வழிகாட்டி சார் மட்டும் பதறவில்லை. "பெருகுதான்னு பார்த்தியே, வேலை செய்யுதான்னு பார்த்தியா?" என்று கேட்டார். ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் ஆல்கலைன் பாஸ்படேஸ் அளவைப் பார்க்கச் சொன்னார். எலும்பு கட்டத் தயாராகும் செல் அந்த நொதியை அதிகமாகச் சுரக்கும். கணக்குப் போட்டால் ஒரு செல்லுக்கு இவ்வளவு என்ற அளவில் கொத்தியதுதான் முன்னால் நின்றது. கரடுமுரடான பரப்பில் செல்கள் குட்டி போடுவதைக் குறைத்துக்கொண்டு தொழிலில் இறங்கிவிடுகின்றன. பார்பரா போயன், ஸ்வி ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1990களிலேயே இதைக் காட்டியிருக்கிறார்கள். நான்தான் படிக்காமல் போயிருக்கிறேன். செல் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மேற்பரப்பு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் கட்டுரையைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும்.

சரி, பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், அடுத்த முறை அதே சோதனை வேறு பதில் சொன்னது. அதற்கடுத்த முறை இன்னொரு பதில். அதே கம்பி, அதே அமிலம், அதே செல்.

கோளாறு டப்பாவில் இருந்தது. அமில வேலையை ஒரே நாளில் முடித்து, கழுவி, காயவைத்து, ஜிப் போட்ட பிளாஸ்டிக் கவரில் போட்டு டப்பாவில் வைத்துவிடுவேன். செல் லேபில் இடம் கிடைக்கும்போது எடுத்துப் போவேன். சில சமயம் மூன்று நாள், சில சமயம் ஒரு மாதம். கவர் மேல் அமிலத்தின் பெயர், நேரம், சூடு எல்லாம் எழுதியிருப்பேன். தேதி எழுதியதில்லை.

ஒரு நாள் சேர்கோணம் அளக்கும் கருவி சும்மா இருந்தது. பிளஸ் ஒன் இயற்பியலில் படித்ததுதான், ஒரு பரப்பின் மேல் தண்ணீர்த் துளி எந்தச் சாய்வில் உட்காருகிறது என்ற கோணம். காலையில் அமிலத்திலிருந்து எடுத்துக் கழுவிய வில்லை ஒன்றும், பழைய கவரிலிருந்து எடுத்த வில்லை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஊசி முனையிலிருந்து துளியை இறக்கினேன். புதிய வில்லையில் துளி பட்டதும் காணாமல் போனது. மேசைத் துணியில் சிந்திய மாதிரி சட்டென்று பரவி, கேமராவில் கோணம் அளக்கவே விளிம்பு கிடைக்கவில்லை. பழையதில் அதே அளவு துளி தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பள்ளமெல்லாம் அப்படியே இருக்கிறது. தண்ணீர்தான் உள்ளே போகவில்லை.

அந்த இடத்தில்தான் கொத்தனார் நினைவுக்கு வந்தார். கொத்தியிருக்கிறேன், நனைக்கவில்லை.

புதிதாக வெளிப்பட்ட டைட்டானிய ஆக்சைடு தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை, காற்றில் மிதக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள கார்பன் சேர்மங்களையும் இழுத்துக்கொள்ளும். சமையலறைக் கண்ணாடியில் பிசுக்கு ஏறுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் நாளுக்கு நாள் ஏறும். பிளாஸ்டிக் கவர் தன் பங்குக்கும் கொஞ்சம் கொடுக்கும். ஒரு மாதத்தில் தண்ணீரை விரும்பிய பரப்பு தண்ணீரை வெறுக்கும் பரப்பாகிவிடுகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் தகாஹிரோ ஒகாவா குழுவினர் இதை டைட்டானியத்துக்கு வயதாவது என்றே அழைக்கிறார்கள். புற ஊதா ஒளியைக் காட்டினால் அந்தப் பிசுக்கு சிதைந்து, பரப்பு மறுபடி இளமையாகிறது என்று 2009 வாக்கிலிருந்து எழுதிவருகிறார்கள். எங்கள் லேபில் கிருமி கொல்லும் புற ஊதா விளக்கின் கீழ் பழைய வில்லைகளை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். துளி பரவியது. சின்னப் பிள்ளை மாதிரி நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வியாபார உலகம் இதை முன்பே பிடித்துவிட்டது. ஸ்ட்ரௌமன் நிறுவனம் 2005இல் கொண்டுவந்த பல்வேரை அமிலத்திலிருந்து எடுத்து நைட்ரஜன் சூழலில் கழுவி, காயவிடாமல் உப்புநீர்க் குப்பியிலேயே அடைத்து விற்கிறார்கள். பழைய எஸ்.எல்.ஏ. பரப்பில் ஆறு வாரம் என்றிருந்த காத்திருப்பை மூன்று, நான்கு வாரத்துக்குக் கொண்டுவரலாம் என்பது அவர்கள் வாதம். பள்ளம் ஏறத்தாழ அதேதான். நனைத்து வைத்ததுதான் வித்தியாசம்.

டப்பாவைச் சரிசெய்த பிறகு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் காலை வாரியது. செல் சோதனைக்கு முன்னால் கிருமி நீக்க வேண்டுமே. புதிதாகச் செய்த வில்லைகளை ஆட்டோகிளேவில் போட்டு எடுத்தால் மேலே தேமல் மாதிரி திட்டுத் திட்டாகக் கறை. யாரோ குழாய்த் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். நீராவியோடு உப்பும் அழுக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு மாறியும் சேர்கோணம் ஏறத்தான் செய்தது. கடைசியில் என் வழி இப்படி ஆனது: அமில வேலை, கழுவல், கண்ணாடித் தட்டில் மூடியைத் திறந்துவைத்துப் புற ஊதா, மூடியைப் போட்டு உடனே செல். எல்லாம் சில நாட்களுக்குள். செல் லேபில் இடம் உறுதியான பிறகுதான் அமிலத்தையே சூடாக்குவேன். மூடியின் மேல் தேதியும் மணியும். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நடுவில் சோடியம் ஹைட்ராக்சைடு வழியையும் கொஞ்ச நாள் பார்த்தேன். ஜப்பானில் கோகுபோ குழு வகுத்த முறை. 60 டிகிரியில் ஒரு நாள் ஊறவைத்து, 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கினால், மேலே சோடியம் டைட்டனேட் அடுக்கு ஒன்று உண்டாகும். உடல் திரவத்தில் அதன் மேல் எலும்புத் தாது தானாகப் படியும். இந்த முறையில் செய்த இடுப்பு மூட்டு 2007இலிருந்து அங்கே நோயாளிகளுக்கு வைக்கப்படுகிறது. நான் கண்ணாடிப் பாட்டிலில் ஊறவைத்து மாட்டிக்கொண்டேன். அந்தச் செறிவுள்ள காரம் கண்ணாடியையே அரிக்கும், சிலிக்கா வந்து சாம்பிளில் உட்காரும். பிளாஸ்டிக் பாட்டில்தான் இதற்கு.

மூன்றாம் வருடம் அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டி வந்தது. இம்பிளான்ட் வைக்கலாம் என்று பல் டாக்டரம்மா சொன்னார். நான் இந்தத் துறை என்று தெரிந்ததும் கூட நின்று பார்க்க விட்டார். குப்பியைத் திறந்து, கருவியின் முனையில் இம்பிளான்டைக் கொத்தி எடுத்தார். கையுறைகூட அதன் மேல் படவில்லை, உதட்டிலும் கன்னத்திலும் உரசவில்லை. எலும்பில் போட்ட துளையின் வாயில் அதன் நுனி ரத்தத்தைத் தொட்டது. அடுத்த கணம், திருகுவதற்கு முன்பே, ரத்தம் மரையில் தானாக மேலே ஏறியது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. வில்லைகளின் மேல் ஆயிரம் துளி தண்ணீர் விட்டுப் பார்த்தவள் நான். அப்பாவின் ரத்தம் அப்படி ஏறியதைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

அப்பாவுக்கோ ஒரே கவலைதான். "எப்போ கடிக்கலாம்?" சீக்கிரம் பிடிக்கும் வகைதானே என்று நானும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் முதலில் கேட்டதே மூணு மாசச் சர்க்கரை அளவைத்தான். அப்பாவுக்கு அது கொஞ்சம் மேலே இருந்தது. "பாக்கெட்ல எத்தனை வாரம் போட்டிருந்தாலும் உங்களுக்கு மூணு மாசம்தான் சார்" என்று சொல்லிவிட்டார். வைத்த அன்று இறுக்கமாக இருப்பது திருகு மரத்தில் பிடிக்கிற மாதிரியான பிடிப்பு மட்டுமே. அதற்குப் பிறகு உடம்பு, காயம்பட்ட பழைய எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டும். அரிப்பு முந்தி, கட்டுவது பிந்துகிற சில வாரங்கள் உண்டு. மூன்றாவது வாரத்தை ஒட்டி இறுக்கம் குறைந்து, பிறகுதான் ஏறும். வலியே இருக்காது. வலி இல்லையே என்று அந்தப் பக்கம் முறுக்கைக் கடித்தால் போச்சு. சர்க்கரையும் சிகரெட்டும் இருக்கிற இடத்தில் என் பள்ளமும் நனைப்பும் அவ்வளவு தூரம்தான் உதவும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. லேபில் செல்லுக்கு சர்க்கரை வியாதி வருவதில்லை.

இதையே எல்லா இடத்துக்கும் நீட்டிவிடக் கூடாது. சித்தப்பாவுக்கு முன்கையில் எலும்பு முறிந்து டைட்டானியத் தகடு வைத்திருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்து எடுக்கப் போனபோது அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமானது. எலும்பு தகட்டின் மேல் ஏறி வளர்ந்திருந்தது, ஒரு திருகின் தலை தகட்டோடு இறுகிப்போயிருந்தது. பிறகு கழற்ற வேண்டிய தகடுக்கும் திருகுக்கும் பரப்பை வழவழப்பாக்குவதுதான் நல்லது என்று அதற்கென்றே ஆராய்ச்சி செய்கிறார்கள். பல்வேருக்கும் இடுப்பு மூட்டுத் தண்டுக்கும் வரம், தகட்டுக்குத் தொல்லை. உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ உள்ளே உலோகம் வைக்கிறார்கள் என்றால், 'இது அப்படியே இருக்கப் போகிறதா, எடுக்கப் போகிறீர்களா' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இம்பிளான்ட் பெட்டியிலும் அளவு, வகை, லாட் எண், காலாவதித் தேதி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். பத்து வருடம் கழித்து மேலே உள்ள பாகம் தளர்ந்தால், வேறு ஊரில் வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பீர்கள். அந்தத் துண்டு இல்லாவிட்டால் அவர் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். டாக்டரம்மா ஒன்றைத் தன் கோப்பில் ஒட்டிவிட்டு இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி அதைப் படித்த அப்பா, "இதுலகூட தேதி போட்டிருக்கான் பாரு" என்றார். என் தேதியில்லாத டப்பாக் கதையை வீட்டில் சொல்லியிருந்தது தப்பாகப் போய்விட்டது. இப்போது அது பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.